பத்து மணிக்கு மேலும் பாட்டு

ஆடி மாதம், வெள்ளி இரவு

நேற்று பத்து மணி தாண்டியும் ஊர்க்கோயில் ஒலிபெருக்கி நிற்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் முடிந்து வந்திருக்கும் என் மனைவி மேரி வலியோடு புரண்டுகொண்டிருந்தாள். போலீசுக்குப் போன் செய்தேன். என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

காலையில் விழாக்குழுத் தலைவர் டீக்கடையில் என்னை நிறுத்தினார். "இன்னாப்பா, எங்க மேலயே கம்ப்ளெயிண்ட் குடுக்கிறியா? ஸ்டேஷன்லயே உன் பேர சொல்லிட்டாங்க." அவர் நிலத்தில்தான் எனக்கு வேலை. இனி வர வேண்டாமாம்.

பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனேன். "திருவிழா டைம்ல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போ" என்றார் ஏட்டு. போன கிறிஸ்துமஸ் இரவு, பத்து மணிக்கு மேல் சட்டப்படி கூடாது என்று எங்கள் சர்ச் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போனவர் இவர்தான்.

"அதே பத்து மணிதானே சார்?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் பாட்டு ஓடுகிறது. வேலை போனதை மேரியிடம் சொல்லவில்லை. "பாட்டு நல்லாத்தான் கீது, கேட்டுக்கினே தூங்கிடுவேன். நீ யாருக்கும் போன் பண்ணாத" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவளுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள்.