சுமதி கடுகு மஞ்சள் கட்டும் நாள்

புரட்டாசி 13, வியாழன்

காலையில் தூறல். வடகம் போட வழியில்லை. மதியம் வரை கரண்டும் இல்லை. தெருவில் தறிச் சத்தம் இல்லாமல் காது என்னவோ போல் இருந்தது.

நேற்று டிவியில் சுமதி. என் பேத்தி. வெளிநாட்டில் நம் தூதரகத்தில், பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்கிற அதிகாரி. முன்னால் பதினைந்து மைக், எண்ணினேன். ஆந்திரப் பக்கம் எங்கள் நகரி முனிசிபல் பள்ளியில் படித்த பெண். நான் ஐந்தாவதோடு நின்றவள். அதனால் எழுதி வைக்கிறேன்.

அங்கே சண்டை. துப்பாக்கிக்காரர்கள் கம்பெனி கொட்டகையில் நம் ஜில்லா ஆட்கள் ஐந்து பேரைப் பிடித்து வைத்துப் பதினெட்டு நாள். அதில் ஒருவன் பக்கத்து வீட்டுக் கமலாவின் மகன் தினேஷ். வெல்டர்.

சு. டிவியில் சொல்வது தினமும் மூன்றுதான்.
1. பேசிக்கொண்டிருக்கிறோம்.
2. ஐந்து பேரும் நலம்.
3. உறுதியானதும் சொல்கிறோம்.

கட்டுவதும் அதே சாம்பல் நிறப் புடவை. கமலாவுக்கு மூன்றும் மனப்பாடம். "வேற எதுவும் படிக்கலியா அத்தே உன் பேத்தி" என்றாள். கோபம் வரவில்லை. பெற்ற வயிறு.

பருப்பு தீர்ந்தது. வாங்க வேண்டும்.

புரட்டாசி 14, வெள்ளி

நல்ல வெயில். வடகம் போட்டாயிற்று.

பதினோரு மணிக்கு சு. வீடியோவில் வந்தாள். இளைத்திருக்கிறாள். துன்னியா என்று கேட்டேன், துன்னேன் ஆயா என்றாள், பொய். அவளுக்குப் பின்னால் அலமாரிக் கதவில் ஒரு புடவை தொங்கியது. இஸ்திரி போட்டது. கடுகு மஞ்சள், அரக்கு ஓரம்.

கமலா வீட்டுத் தறியில் ஒரே பாவு நூலில் நெய்த இரண்டு புடவையில் ஒன்று. மற்றது என் பீரோவில். சு. டில்லி இன்டர்வியூவுக்குத் தன்னுடையதைத்தான் கட்டிப் போனாள். அன்றிலிருந்து நல்ல சேதி சொல்கிற நாளில் மட்டும் கட்டுவாள். வேறு நாளில் எடுக்கவே மாட்டாள்.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "அப்புறம் பேசறேன் ஆயா." வைத்துவிட்டாள்.

அதே நேரம் வாசலில் கமலா. சுமதியா, என்ன சொன்னாள் என்று கேட்டாள். போனை மடியில் கவிழ்த்துக்கொண்டேன். சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினோம் என்றேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது சு. சொன்னது. முன்பு இருந்த நாட்டிலும் இதே மாதிரி. விடப்போகிறார்கள் என்று யாரோ வீட்டில் முந்திச் சொல்லி, பேப்பரில் வந்து, பிடித்து வைத்தவர்கள் மனசு மாறிவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அதைச் சொன்ன அன்று அவள் சாப்பிடவில்லை. அதனால் கமலாவிடமும் வாய் திறக்கக் கூடாது. கமலாவிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி.

ஆனாலும் ஒரு தப்பு செய்துவிட்டேன். நாளை புரட்டாசி சனி, நாராயணவனம் கோயிலுக்குப் போகிறேன், அர்ச்சனைக்கு தினேஷ் நட்சத்திரம் என்ன என்று கேட்டேன். பெருமாளுக்கு நன்றி சொல்லத்தான் மனசில் இருந்தது. கமலா முகம் செத்துவிட்டது.

"இத்தினி நாள் கேக்கல. இன்னிக்கு இன்னாத்துக்குக் கேக்கற?"

மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். சதயம் என்றாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புரட்டாசி 15, சனி

புத்தூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. கோயிலில் சொல்ல முடியாத கூட்டம். பெயர், நட்சத்திரம் சொன்னேன். என்ன வேண்டுதல் என்று அர்ச்சகர் கேட்டார். எல்லோரும் உரக்கச் சொல்கிற இடம். பின்னால் ஐம்பது பேர். பெருமாளுக்கே தெரியும் சாமி என்றேன்.

வீடு திரும்பினால் வாசலில் பைக். தெலுங்குப் பேப்பர் நிருபர். அத்தைக்கு ஏதோ தெரியும், மறைக்கிறாள் என்று கமலாதான் போன் செய்திருக்கிறாள். காபி கொடுத்தேன். உங்கள் போட்டோ முதல் பக்கத்தில் வரும் என்றான். ஆசையாகத்தான் இருந்தது. பொய் எழுதுவானேன்.

சு. சொல்வதில் மூன்றாவதைத் தெலுங்கில் சொன்னேன். "கரெக்டா தெலிசின தர்வாத செப்தாம்." நாலு விதமாகக் கேட்டான். நாலு தடவையும் அதுவே. பேத்தி டிவியில் சொல்வதும் இதுதானே என்று சிரித்துவிட்டுக் கிளம்பினான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கமலா அழுகிற சத்தம். இரண்டு இட்லி வைத்தேன், ஒன்றுதான் இறங்கியது.

புரட்டாசி 16, ஞாயிறு

10.40. டிவி. கடுகு மஞ்சள்.

அவள் வாய் திறக்கும் முன் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து பேரும் எல்லை தாண்டிவிட்டார்கள். புதன் சென்னை. ஐந்து பெயரும் தகப்பன் பெயரோடு, காகிதம் பார்க்காமல் சொன்னாள். என்ன நிமிர்வு. என் ரத்தம்.

பக்கத்து வீட்டில் தறி நின்றது. கமலா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். டிவி முன்னால் நின்று மகன் பெயரைக் கேட்டாள். அழுதாள், சிரித்தாள். பிறகு புடவையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

சாயந்திரம் சு. போனில். யாரிடமாவது சொன்னாயா என்று முதல் கேள்வி. இல்லை என்றேன்.

"நீ பார்த்துட்டேன்னு தெரியும் ஆயா. ரெண்டு நாளா அதான் பயம். எங்க ஆபீஸ்லயே பாதிப் பேருக்கு உன் வாய்க்கட்டு கிடையாது."

இதைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். புரட்டாசி 16.

புரட்டாசி 17, திங்கள்

மேகமூட்டம். பருப்பு வாங்கவில்லை இன்னும்.

காலை முழுக்கக் கமலா வரவில்லை. மூன்று மணிக்கு வந்தாள்.

"வெள்ளிக்கிழமையே தெரியும் உனுக்கு. அதான் நட்சத்திரம் கேட்ட."

தெரியும் என்றேன்.

"நான் அழுதுக்கினு இருந்தேன். நீ கேட்டுக்கினு இருந்த."

ஆமாம் என்றேன். பீரோவைத் திறந்து என் கடுகு மஞ்சளை எடுத்துக் கொடுத்தேன், புதன் அன்று ஏர்போர்ட்டுக்குக் கட்டிப் போகட்டும் என்று. வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஓர் இழை விட்டிருக்கிறதாம், அவள் தறிதான், அவளே குறை சொன்னாள். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடுது. இனிமே சுமதி போன் பண்ணும்போது நான் வந்தா, கதவைச் சாத்திக்க அத்தே."