வராதவர் சம்மதம்

பிப்ரவரி 9

என் அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா கையிலிருந்து பிடுங்கிவிடுகிறாள். தாளை யாரும் பிடுங்க முடியாதல்லவா, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதில் வாத்தியார்களுக்குத்தான் நஷ்டம் என்பது என் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பிரமாதமாக முடிந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நான் வெளியே இருந்த தைரியத்தில்தான் அவருக்குக் கை நடுங்கவில்லை என்றார். ஆஸ்பத்திரியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் ஒன்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன். இந்த நகரத்தில் தண்ணீர் என்னைக் கேட்டுத்தானே ஓடுகிறது.

இனி மனசைத் திடப்படுத்திக்கொண்டு படி. நம் பிரார்த்தனைக் கூடத்துக்கு உன் அப்பா இப்போது முன்னவர் இல்லை. உனக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து எல்லாருக்கும் முன்னால் நின்று பிரார்த்தனை நடத்தியவர். அவர் கண்ணில் கட்டோடு படுத்திருந்த அன்றே செயலாளர் கூட்டம் போட்டுத் தையற்காரரை முன்னவராக்கிவிட்டார். கண் சரியில்லாதவர் எப்படி ஏட்டைப் படித்து நடத்துவார் என்பது செயலாளருடைய நியாயம்.

வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொருவராக எழுந்து, வாய்விட்டு, 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் காரியம் நின்றுவிடும். வராதவர்கள் சம்மதித்ததாகக் கணக்கு. அப்பா வரவில்லை. ஆக, தன்னை நீக்கத் தானே சம்மதித்துவிட்டார். இந்த அநியாயம் எங்காவது உண்டா?

நான் சும்மா விடவில்லை. கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று போட்ட போட்டில் மின்விசிறி ஒரு நிமிஷம் நின்றுபோனது. செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி துடைத்தார். நீ கவலைப்படாதே. மந்திரி இருக்கிறேன்.

உன் தாய்மாமன்,
நீங்களெல்லாரும் மந்திரி என்று கூப்பிடும் குழாய்க்காரன்

---

பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண்ணைப் பற்றி நிம்மதி. மற்றதைப் படித்துவிட்டு அன்று என்னால் வேலை பார்க்க முடியவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் வரும் சோதனைக் குழாய்மேல் ஒட்டிய பெயர் பாதி அழிந்திருந்தால்கூட அதை ஏற்கமாட்டோம். ஆள் யார் என்று திரும்பக் கேட்போம். ஒரு சொட்டு ரத்தத்துக்கு இருக்கும் மரியாதை அப்பாவுக்கு இல்லாமல் போய்விட்டது. நானும் அந்தக் கூடத்தில் உறுப்பினர்தானே மாமா? நானும் வரவில்லை. இங்கே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நான் நின்றிருந்த நேரத்தில், என் அப்பாவை நீக்க நானும் அங்கே சம்மதம் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவிடம் போனில் பேசினேன். பதவி வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். நான் கேட்பதும் அதுதான். மறுபடி கூட்டம் கூட்டி, அப்பாவை வைத்துக்கொண்டு, எல்லாரையும் கேட்கட்டும். நீங்கள் யாரும் கூப்பிடாமல் தானாகத்தான் போயிருப்பீர்கள் என்று நினைத்து, வீட்டு ஆட்கள் யாருக்கும் சொல்லாமல் நடத்திய கூட்டம் செல்லாது என்று செயலாளருக்கு எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீங்கள் அங்கே எழுந்து மறுத்திருந்தால், ஒருவர் மறுத்தாலே காரியம் நின்றிருக்க வேண்டுமே? எப்படி நிறைவேறியது?

அன்புடன்,
உங்கள் மருமகள்

---

மார்ச் 4

என் அறிவுக்கொழுந்து மருமகளுக்கு,

நீ செயலாளருக்கு எழுதியது நல்ல காரியம். ஆனால் வீட்டு ஆட்களுக்குத் தெரியாமல் என்று எழுதியிருக்க வேண்டாம். நம் வீட்டு ஆள் ஒருவன் அன்று அங்கே சிங்கம் மாதிரி நின்றான் என்பது இப்போது தெருமுனை வரைக்கும் தெரிந்த விஷயம். சலூனில் சொன்னேன், முடிவெட்டுகிறவர் கத்தரியை அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு கேட்டார். ஹார்டுவேர் கடையில் சொல்லும்போது மேஜையை நான் கவிழ்த்த கட்டமும் ஞாபகம் வந்தது. போன கடிதத்தில் அதை விட்டுவிட்டேன். மேஜை தேக்கு. லேசில் கவிழாது.

எப்படி நிறைவேறியது என்று கேட்கிறாய். சத்தத்தில் யாருக்கு என்ன காதில் விழுந்திருக்கும்? அதெல்லாம் சட்ட நுணுக்கம், கடிதத்தில் எழுத முடியாது.

அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், மந்திரிக்கே மந்திரி மாதிரி. நான் போனால் பேசுவதில்லை. கண் வலியாக இருக்கும்.

உன் மாமன்

---

மார்ச் 19

மாமாவுக்கு,

செயலாளர் பதில் அனுப்பிவிட்டார். அதை உங்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன், நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

வீட்டு ஆட்களுக்குத் தெரியாது என்பது தவறாம். பழைய முன்னவரின் மைத்துனர் கூட்டத்துக்கு வந்து பேசியதாக அவரே ஊர் முழுக்கச் சொல்லிவருகிறாராம். கூட்டத்துக்கு வந்த ஒருவர் மறுத்திருந்தால் காரியம் நின்றிருக்கும், நிற்கவில்லை, ஆகவே மைத்துனரும் கடைசியில் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். குடும்பத்தின் சம்மதத்தோடு நடந்ததை மறுபடி கிளற முடியாது.

புரிகிறதா மாமா? அப்பாவை நீக்கச் சம்மதம் சொன்னவர் இப்போது நீங்கள். உங்களை அந்த இடத்தில் நிறுத்தியது செயலாளர் இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். அன்று காலையிலிருந்து நீங்கள் ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்லை என்கிறாள். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அறைக்கு வெளியே தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தீர்களாம். அப்பா ஏன் உங்களோடு பேசுவதில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. கண் வலி இல்லை மாமா.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. கூடத்தில் இருப்பவர்கள்மேல் காட்ட முடியாத ஆத்திரத்தையெல்லாம் உங்கள்மேல் காட்டுகிறேனோ என்னவோ. இருந்தாலும் உங்கள்மேலும்தான். ஒரு காரியம் செய்யுங்கள். செயலாளரிடம் போய், "நான் அன்று கூடத்தில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன்" என்று சொல்லுங்கள். சிங்கம் வேண்டாம், மேஜை வேண்டாம்.

மருமகள்

---

ஏப்ரல் 2

மருமகளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்கக் கடை திறக்கவில்லை. நீ இவ்வளவு காரமாக எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியிருக்கமாட்டேன். இல்லை, சுற்றியிருப்பேன்.

அக்கா சொன்னது சரி. நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். மச்சான் கூப்பிட்டபோதெல்லாம் கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு தடவை போய்ச் சேருவதற்குள் நேரமாகிவிட்டது, உடுப்பை மாற்றிவிட்டேன். அதை நான் எப்படி உனக்கு எழுதுவேன்? அவரை அவமானப்படுத்திய இடத்தில் நம் வீட்டிலிருந்து ஒரு குரல்கூடக் கேட்கவில்லை என்பதைத்தான் எப்படி எழுதுவேன்? ஒரு குரல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் கேட்க வைத்தேன். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லி இதுவரை யாருக்கும் ஒன்றும் குறைந்துபோனதில்லை, இந்த ஒன்றைத் தவிர.

செயலாளரிடம் போனேன். சத்தியமாகப் போனேன், அக்காவைக் கேட்டுப்பார். நீ சொல்லிக்கொடுத்ததைத் தவிர ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. எனக்கே என் குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அந்த மனுஷன் சிரித்தார்.

"மந்திரி, போன மாசம் மேஜையைக் கவுத்தீங்க. இந்த மாசம் நான் வரவே இல்லைங்கிறீங்க. அடுத்த மாசம் வந்து, நான் பொறக்கவே இல்லைம்பீங்களா?"

அங்கே இருந்தவர்களெல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

திரும்பும் வழியில் உன் வீட்டுக்குப் போய் மச்சானிடம் நடந்ததைச் சொன்னேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "உன் வாய்க்கு நீதான் பதில் சொல்லணும் மாப்பிள்ளை" என்றார். அக்கா காபி கொண்டுவந்தாள். ஆறவிட்டு வந்துவிட்டேன்.

உன் மாமன்

---

ஏப்ரல் 15

மாமாவுக்கு,

படித்தேன். நீங்கள் போய்ச் சொன்னதை நான் நம்புகிறேன். அதனால் என்ன பயன் என்றுதான் தெரியவில்லை.

செயலாளருக்கு மறுபடி எழுதினேன். முன்பு அனுப்பிய பதிலையே தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார். அலுத்துவிட்டது மாமா. இந்த விஷயமாக இனி யாருக்கும் எழுதப்போவதில்லை. நீங்களும் இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். அப்பாவின் கண் சொட்டு மருந்து தீர்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்

---

மே 12

அன்பு மருமகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கோபம் இருந்தால் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

போன வாரம் தையற்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது, சமையலறைக் குழாய் ஒழுகுகிறதாம். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். தொழில் என்று ஒன்று இருக்கிறதே, போனேன். போய்ப் பார்த்தால் வாஷரை யாரோ கழற்றி ஜன்னலில் வைத்திருக்கிறார்கள். தொட்டிக்குக் கீழே தலையை விட்டு நான் படுத்திருக்கும்போது, அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். என் முகம் தெரியாத இடத்தில்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"நீங்க வரலைன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு வாசலையேதான் பார்த்துட்டிருந்தேன். அந்த வீட்டிலிருந்து யாராவது வந்து, வேண்டாம்னு சொல்லிடமாட்டாங்களான்னு."

அப்படியானால் செயலாளர் என்னைக் கேலி செய்தபோது வாயில் என்ன வைத்திருந்தீர் என்று கேட்டேன். குழாய்க்குக் கீழே படுத்துக்கொண்டு கேட்டதால் அவ்வளவு மிரட்டலாக வரவில்லை.

பயம் என்றார். சொன்னால் பதவி போய்விடுமே என்ற பயம். "இப்ப தினமும் முன்னால நிக்கிறேன். பின்னால இருக்கிற அத்தனை கண்ணும் முதுகுல குத்துது. சட்டை சரியில்லைன்னா பிரிச்சுத் தைக்கணும், அவ்வளவுதான். எனக்கு அது பழக்கம்தான்."

அவரே செயலாளரிடம் போய்ச் சொன்னார். முன்னவரே வந்து நின்று, என்னை முன்னவராக்கிய கூட்டம் சரியில்லை என்றால் செயலாளர் என்ன செய்வார்? இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம் போட்டார்கள்.

நான் துவைத்து மடித்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். உன் அப்பாவை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அவருக்கு நன்றாகவே கண் தெரிகிறது. இருந்தும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கூடம் நிறைந்திருந்தது. தையற்காரரே முன்னவராகத் தொடரலாமா என்று முதலில் உன் அப்பாவைத்தான் கேட்டார்கள்.

எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். இப்போது விளாசப்போகிறார், இத்தனை மாதத்தையும் சேர்த்து விளாசப்போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்ன பேச வேண்டும் என்று வழி முழுக்க நான் சொல்லிக்கொடுத்திருந்தேன், மேடையில் பேசினால் கைதட்டல் அடங்காது, அப்படிப்பட்ட பேச்சு.

"இப்பக் கேட்டீங்கல்ல. சம்மதம்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். இதற்கா இத்தனை அலைச்சல், நீ எழுதிய கடிதம், நான் பட்ட கேலி? ஒரு சொல்லில் தூக்கிக் கொடுத்துவிட்டார். தையற்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மற்றவர்கள் வரிசையாக எழுந்து சொன்னார்கள். உன் அம்மா சொன்னாள். அடுத்து நான்.

எழுந்தேன். பேச்சுக்கு நான் எங்கேயும் திணறியதில்லை என்று உனக்குத் தெரியும். அன்று அந்த ஒரு சொல் வரவில்லை. சொல்லாமல் சொன்னதாக ஊர் என்மேல் ஏற்றி வைத்திருந்த அதே சொல். மறுக்கவும் முடியாது. நான் மறுத்தால் மச்சான் கொடுத்தது நின்றுபோகும். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் மட்டும் என்னைப் பார்க்காமல், "மெதுவா, மாப்பிள்ளை" என்றார்.

நான் எழுந்த வேகத்திலேயே நடந்து வெளியே வந்துவிட்டேன். செருப்பு அடுக்கியிருந்த இடத்தில் நின்றேன். உள்ளே செயலாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே போனவன் வராதவன். வராதவன் சம்மதித்தவன். காரியம் நிற்காமல் நடந்தது. அந்தக் கணக்கில் நீயும் நானும்தான் கூட்டத்துக்கு வராதவர்கள்.

அந்த வழக்கத்தையே எடுத்துவிடலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறார்களாம். தையற்காரர்தான் கிளப்பியிருக்கிறார். எடுக்கட்டும், நல்லதுதான். அன்றைக்கு மட்டும் அது எனக்குத் தேவைப்பட்டது.

வெளியே வந்த உன் அப்பா, எங்கே போனாய் என்று கேட்டார். வேலை விஷயமாகப் போன் வந்தது என்று சொல்லியிருக்கிறேன். நீ ஒன்றும் மாற்றிச் சொல்லிவிடாதே.

உன் மாமன்