பாருக்குப் போகும் வழி

உப்பளச் சாலை முனையில், மதுக்கடையை ஒட்டிப் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பச்சைத் தகரத்தில் மஞ்சள் எழுத்து: பார். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லூரியில் பவளப்பாறைப் பாடம் நடந்த அன்று என் காதருகே குனிந்து, "இதத்தான்டி எங்க ஊர்ல பாருன்னு சொல்லுவோம். எங்க வீட்டுச் சோறே அங்கேர்ந்துதான் வருது" என்றாய். உன் ஊரான அனுமந்தையின் கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் மட்டும்தான் தெரியும். அடியில் பாறை, பாறையில் பவளம், அதைச் சுற்றி மீன். பட்டம் வாங்கி நான் மரக்காணத்தில் டீச்சர் ஆனேன். நீ கடலுக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்டு, அவர் கொண்டுவந்த மீனை விற்றாய்.

சுனாமிக்கு அடுத்த கோடையில் அவர் வலையில் சிக்கிய ஒரு பவளத் துண்டை என்னிடம் காட்டினாய். சாக்பீஸ் போல வெளுத்திருந்தது.

"கடல் சூடாயிட்டுது, அதான். அதுகூடப் பரவால்லடி. சும்மா விட்டா திரும்ப உயிர் வந்தாலும் வரும். அதுமேலயே விசைப்படகுக்காரன் மடி வலைய இழுத்தா எங்கேர்ந்து வரும்? சூட்ட நம்மால தடுக்க முடியாது. மடியத் தடுக்கலாம்ல?"

அதைக் கேட்கத்தான் நிவாரணக் கூட்டத்துக்குப் போனோம். எல்லோரும் படகு கேட்டார்கள். நீ எழுந்து, "எங்க பாரக் காப்பாத்திக் குடுங்க சார்" என்றாய்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, ஊர் ஊரா பொம்பளைங்க பார மூடச் சொல்றாங்க. நீ காப்பாத்தச் சொல்றியே!"

பந்தலே சிரித்தது. உன் ஊர் ஆண்களும் சிரித்தார்கள், அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்தவர்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் எழுந்து "பவளப்பாறை சார்" என்றேன். "அதெல்லாம் ராமேஸ்வரம் பக்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் படகுப் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நீதான் என்னைத் தேற்றினாய். "பாறைன்னு முழுசா சொல்லியிருந்தா மட்டும் என்னாடி? பாறை மீனு கிலோ எவ்ளோன்னு கேட்டிருப்பான்."

படகுகள் வந்தன, முன்பு இருந்ததைவிட அதிகமாக. எல்லாம் அதே பாருக்குப் போயின. விசைப்படகுகளும் நிற்கவில்லை. கடைசியாக உன் கூடையில் நான் பார்த்தது கொஞ்சம் நெத்திலி. அடுத்து வந்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது. உன் வீட்டுக்காரர் எங்கே என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

"அண்ணனா? பாருக்குப் போயிருக்குது டீச்சர்."

நான் கடலைப் பார்த்தேன்.

"அங்க இல்ல டீச்சர்" என்று அவள் உப்பளச் சாலைப் பக்கம் கை காட்டினாள்.

பார் என்று யார் சொன்னாலும் என் தலை இன்னமும் முதலில் கடல் பக்கம்தான் திரும்புகிறது. நீ பழக்கியது. அதை மட்டும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.