221 இன் காரணிகள்

செவ்வாய், இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் இன்று அதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் படிக்க வரும் மானிப்பாய் ரியூட்டரியில் நான் படிப்பித்த ஏழாம் வகுப்புக் கணக்கைப் போன மாதம் புதிதாக வந்த சேரிடம் கொடுத்துவிட்டார்கள். "ரீச்சர் சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கட்டும். கணக்கு அவவுக்குச் சரிவராது" என்று பெற்றோருக்கு முன்னாலேயே அவர் சிரித்தார்.

இன்று வகுப்புகளைப் பிரிக்கும் ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து அவருடைய பாடத்தைக் கேட்டேன். 221ஐ இரண்டால், மூன்றால், ஐந்தால், ஏழால், பதினொன்றால் வகுத்தார். ஒவ்வொன்றுக்கும் மீதி வந்தது.

"பிள்ளையள், இது முதன்மை எண், வேறை ஒண்டாலையும் பிரிபடாது. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்திலை அம்மா அப்பாமாருக்கும் இதைத்தான் செய்து காட்டப்போறன்."

இன்னும் ஒரு படி போயிருந்தால் பதின்மூன்று அகப்பட்டிருக்கும். பதின்மூன்றைப் பதினேழால் பெருக்கினால் 221.

சனிக்கிழமை கடைசி வாங்கிலிருந்து எழும்புவேன். "சேர், பதின்மூண்டாலை ஒருக்கா வகுத்துப் பாருங்கோ" என்பேன். அத்தனை பேருக்கும் முன்னால் அந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

பின்னேரம் மகள் கொப்பியோடு வந்தாள். அவளும் அந்த வகுப்புத்தான்.

"அம்மா, சேர் பதினொண்டோடை விட்டிட்டார். நான் பதின்மூண்டாலையும் பிரிச்சுப் பாக்கட்டே?"

பார்த்தால் நாளைக்கே அவரிடம் போய்ச் சொல்லுவாள். அவர் திருத்திக்கொள்வார். என் சனிக்கிழமை போய்விடும்.

"தேவையில்லை பிள்ளை. சேர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு 'முதன்மை எண்' என்று எழுதி, அடிமட்டம் வைத்துக் கீழே கோடு போட்டாள்.