சபேசனைக் கேள்

மார்ச் 12, புதன்

தி.நகர் ஜவுளிக்கடையின் புதுக் கம்ப்யூட்டரில் எங்கள் பில் போடும் மென்பொருள் கிளம்ப மறுத்தது. கவுன்ட்டரில் ஒரே கூட்டம். திரையில் ஒரே வரி: "ஏதோ செட்டிங் குறைகிறது. சபேசனைக் கேள்."

"எந்த அறிவாளி சார் இப்படி எழுதினது?" என்றாள் எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த நித்யா.

அந்த அறிவாளி நான்தான். எழுதிய காலத்தில் சபேசன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். ஒரு வடை வாங்கிக் கொடுத்தால் எந்த செட்டிங் என்று சொல்லிவிடுவான். இப்போது அடையாறில் மாமனார் வீட்டோடு இருக்கிறான். பேசி ஆறு வருஷம். வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன்.

"பிரின்டர் பேர் போட்டியாடா மச்சி? நீ இன்னும் திருந்தலியா?" அதே சிரிப்பு.

போட்டதும் மென்பொருள் ஓடியது. நித்யா அந்த வரியையும் மாற்றிவிட்டாள்: "பிரின்டர் பெயர் இல்லை. செட்டிங்ஸ் ஃபைலில் சேர்க்கவும்." இனி யாரையும் கேட்க வேண்டாம்.

நல்லதுதான். சபேசனைக் கூப்பிட நான்தான் வேறு சாக்குத் தேட வேண்டும்.