பட்டியலில் பதினேழாவது வரி

திங்கள், ஜூலை 8

காலையிலிருந்து மழை. ஆபீஸ் கூரை ஒழுக்கு. கம்ப்யூட்டருக்கு மேல் பிளாஸ்டிக்.

ரப்பர் எஸ்டேட்டை விற்றாயிற்று. அதற்கு ஈடாக சிரம்பான் பக்கம் பாரோயில் வீடு கிடைக்கப்போகும் நாற்பது குடும்பங்களின் பட்டியலை அடித்து முடித்தேன். 17: அம்மா. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், பெயர் வராமல் போகுமா? டிஸ்கெட்டில் ஒரு நகல்.

ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி ராஜேஸ் அக்கா எட்டிப் பார்த்தார். "எப்படி புள்ள இதுல திருத்துறது? எனக்கும் காட்டு லா." காட்டினேன். இன்னார் மகள் என்பதற்கு இன்னும் ஆங்கிலத்தில் d/o என்றுதான் அடிக்கிறார், பழைய பதிவேட்டுப் பழக்கம். இப்போது மலாயில் a/p என்று நூறு தடவை சொல்லியாயிற்று. சிரிக்கிறார்.

செவ்வாய், 9

லீவு. அம்மாவுக்குக் கண் காட்ட சிரம்பான் ஆஸ்பத்திரி. வாங்கியது: சொட்டு மருந்து, கருவாடு, அக்காவுக்கு முறுக்கு. பஸ் வர ஒரு மணி நேரம்.

புதன், 10

ஆபீஸில் நான்தான் முதல் ஆள். கோப்புகளைக் கடைசியாகத் தொட்ட நேரம் காட்டும் DIR கட்டளை போட்டேன். பட்டியல் கோப்பின் நேரம் நேற்று மதியம் 1.12. நான் தொடவில்லையே. FC போட்டு டிஸ்கெட் நகலோடு ஒப்பிட்டேன். மாறிய வரியை மட்டும் காட்டும். காட்டியது ஒன்றே ஒன்று, பதினேழாவது.

நகலில் அம்மா: பாப்பாத்தி a/p கருப்பன்.
ஆபீஸ் கோப்பில்: கமலா d/o வீரன்.

கமலா, ராஜேஸ் அக்காவின் தங்கை. இங்கு வந்து இரண்டு வருடம்கூட இல்லை. அந்த d/o போடும் கை வேறு யாருடையது?

அம்மாவின் பெயரைத் திரும்ப அடித்துச் சேமித்தேன். பழக்கதோஷம், டிஸ்கெட்டிலும் ஏற்றினேன்.

தேநீர் நேரத்தில் ஏன் மாற்றினீர்கள் என்று அக்காவிடம் கேட்டே விட்டேன். "ஒனக்கு வேல இருக்கு. ஒங்கம்மாவ நீ பாத்துக்குவ. என் தங்கச்சிக்கு யாரு இருக்கா?"

"ஒங்க தட்டுலதானே தினமும் சாப்புட்டேன், அக்கா?"

அக்கா குவளையைக் கழுவப் போனார். கூடப் பிறந்தவராகத்தான் நினைத்தேன்.

வெள்ளி, 12

எஸ்டேட் மேனேஜர், எங்கள் துரை, கூப்பிட்டார். கையில் செவ்வாயன்று அக்கா அச்செடுத்துக் கொடுத்து அவர் கையெழுத்திட்ட பட்டியல். அதில் கமலா. கம்ப்யூட்டரில் அம்மா. யார் மாற்றியது என்றார்.

DIR காட்டுவது கடைசியாகத் தொட்ட நேரத்தை மட்டும். புதன் காலை 7.40. அதாவது நான். ஒப்பிடலாம் என்றால் பழைய நகலின் மேல் நானே புதியதை ஏற்றியிருக்கிறேன். FC காட்டியதை அச்செடுக்கவும் இல்லை. மடச்சி.

d/o பற்றிச் சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே என்றார். வேலைப் பதிவேட்டைப் பாருங்கள், அம்மாவுக்கு முப்பது வருடம் என்றிருக்கும் என்றேன். அக்காவிடம் கேட்டார், பதிவேடு அவர் பொறுப்பு.

அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவங்கம்மா பேர அவதான் சேத்தா, தொர."

கையெழுத்திட்ட பட்டியலே செல்லும் என்றார் துரை. வீட்டுக்கு வந்தேன். பாரோயில் கோழி வளர்க்க விடுவார்களா என்று அம்மா கேட்டார். விடுவார்கள் என்றேன்.