வாடாத செடியின் அடியில்

மார்ச் 4

என் அன்பு டிரைவருக்கு,

நலம்தானே? போனில் "அப்புறம்?", "அப்புறம் நீதான் சொல்லணும்" என்றே இருவரும் நேரத்தை ஓட்டுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

உருளைக்கிழங்குச் செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டோம். எல்லாம் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை. ஆனாலும் ஒன்று ஒரே வாரத்தில் துவண்டு விழுகிறது, இன்னொன்று நிமிர்ந்து நிற்கிறது. அந்த வீம்பு எந்த மரபணுவில் இருக்கிறது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. மூன்றாவது வரிசையில் ஒருத்தி கொஞ்சமும் வாடவில்லை. என் கண்ணே பட்டுவிடப் போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். "இன்னும் ரெண்டு வருஷம் இருந்துடுங்களேம்மா" என்கிறார் மேலாளர். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு வருடம் என்று சொல்லி இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்தவளுக்கு இது நான்காவது வருடம். என் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் என் துணிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்
கிழங்கு

மார்ச் 12

அன்புக் கிழங்குக்கு,

நான் சௌக்கியம். கார் ஓட்டப் பழக வரும் பல் டாக்டரம்மா, பயிற்சிக் காரில் என் பக்கமும் இருக்கும் பிரேக்கை நான் மிதித்ததும், "நானே நிறுத்தியிருப்பேன்ல சார்?" என்று கோபித்துக்கொண்டார். எதிரே நின்ற மரத்தைக் கேட்டால் தெரியும்.

வீட்டில் ஒரு தட்டு, ஒரு பாத்திரம். கழுவும் வேலை மிச்சம். எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வருடமோ, இருபது வருடமோ, உன் இஷ்டம்.

உன்
டிரைவர்

ஏப்ரல் 2

என் அன்பு டிரைவருக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று செடிகளைப் பிடுங்கினோம். அந்த வாடாத மகராசியின் அடியில் பட்டாணி அளவில் நாலு உருண்டை, அவ்வளவுதான். இலைத் துளைகளை இறுக மூடிக்கொண்டு இருந்த நீரைக் காப்பாற்றியிருக்கிறாள். காற்றும் உள்ளே போகாததால் கிழங்கில் மாவே சேரவில்லை. மத்தியானமானால் துவண்டு என் மானத்தை வாங்கிய பக்கத்துச் செடியிலோ கைகொள்ளாத கிழங்கு! "மேல பாத்து ஏமாந்துட்டோம்க்கா" என்றாள் எனக்கு உதவிக்கு இருக்கும் பெண். எனக்குச் சுருக்கென்றது.

உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்வீர்களே, அந்த "உன் இஷ்டமா" இது? கடிதத்தில் முகம் தெரியவில்லையே. கையெழுத்தை இன்னும் ரத்து செய்யலாம். "வா" என்று ஒரே ஓர் எழுத்து எழுதுங்கள், வந்துவிடுகிறேன்.

உங்கள்
கிழங்கு

ஏப்ரல் 15

கிழங்குக்கு,

ஆமாம், அதே "உன் இஷ்டம்"தான். முதலில் "வா" என்று எழுதி, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன். உன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று வீம்பு. நான் கூப்பிடாமலே நீ வருவாய் என்று ஆசை. கையெழுத்துப் போட்டேன் என்று நீ எழுதியதைப் படித்து அழுதேன்.

இப்போது அந்த ஓர் எழுத்து கைக்கு வரமாட்டேன் என்கிறது. நான் கேட்டு நீ வந்தால், செடிகளை எனக்காக விட்டுவந்தவளாகவே காலமெல்லாம் என் எதிரே உட்கார்ந்திருப்பாய். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தனியாக இருப்பதுகூடப் பழகிவிட்டது. காத்திருப்பதுதான் என்னைத் தின்கிறது. அதை நிறுத்திக்கொள்கிறேன்.

உன் பெட்டிகளை உன் அண்ணன் வீட்டில் சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வேறு வீட்டுக்கு மாறுகிறேன். இனி இந்த விலாசத்துக்கு எழுதாதே. யாரோ பிரித்துப் படிப்பார்கள்.

நலமாக இரு.